அருகில் நிற்பவர் யார்?

குருக்கள்மடத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதை புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமன்று; வாவியின் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் அதுவே பெயர்.) பாதையின் ஒரு நுனியில் நிற்பவர் மறு நுனியில் நிற்பவரைக் கைத்தொலைபேசியில் அழைக்கிறார். இருவருக்கும் இடையே இருப்பது சில யார் தூரம். ஆயினும் அவருடைய குரல் நேரே அங்கு செல்வதில்லை. முதலில் கரையிலுள்ள கோபுரத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து கம்பனியின் நிலையத்துக்குப் போகிறது. அழைப்பவர் யார், அழைக்கப்படுபவர் யார், கணக்கில் பணம் உண்டா என்பவையெல்லாம் பார்க்கப்பட்ட பின்னரே மீண்டும் கோபுரத்துக்கு வந்து மறு நுனியில் நிற்பவரின் காதில் விழுகிறது. கூப்பிட்டாலே கேட்கும் தூரத்துக்கு இத்தனை பயணம்!

கோபுரம் நிமிர்ந்து நிற்கும்வரை இந்தச் சுற்றுப் பயணத்தைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. அது சாயும்போதுதான் சிந்திக்கிறோம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பை வெளியுலகிலிருந்து துண்டித்துப் போட்டதை மூத்தோர் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் வந்தபோது, பிள்ளை எங்கே, தாய் எங்கே என்று அறிய வழியின்றி மக்கள் கால்நடையாய்த் தேடி அலைந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, ஏறக்குறைய எல்லோர் கையிலும் தொலைபேசி இருந்தது. ஆனால் மின்சாரமும் கோபுரமும் செயலிழந்த இடங்களில் அது வெறும் கைவிளக்காயிற்று.

இயற்கை சாய்க்காத கோபுரமும் சில வேளைகளில் வாயை மூடிக்கொள்ளும். மேலிடத்து ஆணை ஒன்று வந்தால் போதும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன நிறுத்தப்பட்டன. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்த நாளிலே, உறவினரின் சுகத்தை அறிய மக்கள் துடித்துக்கொண்டிருந்தபோது அவை மறுபடியும் நிறுத்தப்பட்டு, மாத முடிவிலேயே திறக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, அரசுக்கு எதிரான போராட்டம் மூண்ட வேளையில், மீண்டும் அரை நாளுக்கு மேல் அடைப்பு. வதந்தியைத் தடுக்க அடைத்தோம் என்பார்கள் ஆட்சியாளர். அதில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை; அதுவே முழு உண்மை என்று நம்புவதற்குமில்லை.

ஆகவே ஓர் ஆசை பிறக்கிறது. கோபுரமும் கம்பனியும் இடையில் நில்லாமல், கருவியும் கருவியும் நேரே பேசிக்கொண்டால் என்ன?

இது வெறுங் கனவன்று. கைத்தொலைபேசிகளில் உள்ள புளூடூத், வைஃபை ஆகியவை பக்கத்துக் கருவியோடு நேரே பேசவல்லவை. ஒரு கருவி பக்கத்துக் கருவிக்கும், அது அதற்கடுத்ததற்கும் கைமாற்றினால், செய்தி கோபுரமில்லாமலே ஒரு கூட்டம் முழுவதையும் கடந்துவிடும். 2014 இல் ஹொங்கொங் மாணவர் போராட்டத்தில் பயர்சட் என்ற செயலி இவ்விதம் பயன்பட்டது. 2019 இல் அதே நகரிலும், அவ்வாண்டு இறுதியில் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக எழுந்த இந்தியாவிலும், 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த மியன்மாரிலும் பிரிட்ஜிஃபை என்ற செயலியை மக்கள் இலட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். 2025 யூலையில் டுவிட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி பிட்சட் என்ற இன்னொன்றை வெளியிட்டார். செப்டெம்பரில் நேபாள இளைஞர் கிளர்ந்தபோது அது அங்கு பரவியது. தொலைபேசி வலையமைப்புகளுக்கு விதிகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற சர்வதேச அமைப்பும் 2015 இல் முடித்த தன் பன்னிரண்டாவது விதித்தொகுப்பில், கருவிக்கும் கருவிக்கும் நேரடித் தொடர்பை முதன்முறையாக ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் பொறியியலாளரின் விடயங்கள், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதற்குள்ளே ஒரு பழைய வினா ஒளிந்திருக்கிறது. அருகில் நிற்பவரை நாம் எதைக் கொண்டு நம்புகிறோம்?

நடுவில் நின்றவர் செய்த வேலை

நடுவர் ஒருவரை நீக்கினால் அவர் செய்த கெடுதி நீங்கும் என்று மகிழ்கிறோம். அவர் செய்துவந்த நன்மையும் கூடவே போய்விடும் என்பதை மறந்துவிடுகிறோம். தொலைபேசிக் கம்பனி நமது அழைப்புகளைக் குறித்து வைக்கும். கேட்பவர் கேட்டால் கொடுக்கவும் செய்யும். அது கெடுதி. ஆனால் இந்த இலக்கத்துக்குரியவர் இன்னார், இவர் பெயரில் வேறொருவர் பேசவில்லை என்று ஓரளவுக்கேனும் உறுதி சொல்வதும் அதே கம்பனிதான். அதை நீக்கிய பின் அந்த உறுதியை யார் சொல்வது?

எங்கள் பகுதியில் இது புதிய அனுபவமன்று. போர்க்காலத்தில், 2007 வரை, படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுவான்கரைப் பெருந்தெரு அரச படைகளின் கையில் இருந்தது. வாவியைக் கடப்பதென்றால் சோதனைச் சாவடிகளையும் கடப்பதே. அந்நாட்களில் அவசரச் செய்தி தபாற்கந்தோர் வழியாகப் போகவில்லை. போகிறவர் வருகிறவர் கையில் போனது. கையில் கொடுத்துவிடும் கடிதத்துக்கு மூன்று ஆபத்துகள் உண்டு. கொண்டுபோகிறவர் பிரித்துப் படிக்கலாம். பிரிக்காமலே வழியில் வீசிவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். அல்லது இன்னார் தந்தது என்று தானே ஒன்றை எழுதிக்கொண்டு வந்து நீட்டலாம். இவற்றுக்கு எதிராக நம்மவர் வைத்திருந்த காவல் ஒன்றே ஒன்றுதான்: கொண்டுபோகிறவரையும், அனுப்பியவரின் கையெழுத்தையும் முன்னரே தெரிந்திருப்பது.

கருவிக்குக் கருவி செல்லும் செய்திக்கும் இதே மூன்று ஆபத்துகள்தாம். பிரிட்ஜிஃபையின் கதையைக் கேளுங்கள். அது முதலில் விளையாட்டு அரங்குகளிலும் இசைவிழாக்களிலும் கூட்டம் மிகும்போது பேசிக்கொள்வதற்கென்று எண்ணப்பட்டது. பின்னர் ஆர்ப்பாட்டக்காரர் அதைக் கையிலெடுத்தனர். நிறுவனமும் அவர்களுக்கு உகந்தது என்று முன்னின்று விளம்பரஞ் செய்தது. இங்கிலாந்தின் றோயல் ஹொலொவே கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் நால்வர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். தாங்கள் கண்டதை 2020 ஏப்ரலில் நிறுவனத்துக்கு அறிவித்து, ஆகஸ்டில் உலகுக்கு வெளியிட்டார்கள். தனிப்பட்ட செய்திகளை மூன்றாமவர் படிக்க முடிந்தது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்றே பட்டியலிட முடிந்தது. ஒருவர் பெயரில் இன்னொருவர் செய்தி அனுப்ப முடிந்தது. போதாக்குறைக்கு, சுருக்கி மடித்த ஒரேயொரு செய்தியை ஏவி முழு வலையையும் முடக்கிப்போட முடிந்தது.

நிறுவனம் அவ்வாண்டு ஒக்ரோபரில், உலகெங்கும் மதிக்கப்படும் சிக்னல் செயலியின் சங்கேத முறையைச் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் 2022 இல் மறுபடியும் பரிசோதித்தவர்கள் குறைகள் இன்னும் உண்டென்றார்கள். நல்ல பூட்டை வாங்கிச் சாய்ந்த கதவில் மாட்டியது போலாயிற்று. இடையில், 2021 இல், மியன்மாரின் பிள்ளைகள் அதை நம்பித் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

இங்கே சினம் கொள்ள இடமுண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக் கூரை ஒழுகினால் குடியிருப்பவர் நனைவார். அடுத்த நாள் வேய்ந்துகொள்வார். ஒருவன் அடைக்கலம் தேடி நுழையும் இடம் ஒழுகினால் அவனுக்கு அடுத்த நாள் இல்லாமற்போகலாம். பாதுகாப்பானது என்று சொல்லி ஒன்றைக் கையில் கொடுப்பவர், வாங்குகிறவர் யாருக்கு அஞ்சி ஓடிவருகிறார் என்று கேட்கக் கடமைப்பட்டவர் அல்லரா? பிட்சட்டை வெளியிட்டவர், வெளியார் எவரும் இதைப் பரிசோதிக்கவில்லை என்ற எச்சரிக்கையை முகப்பிலேயே போட்டுவைத்தார். வெளியான சில நாட்களுக்குள் ஓர் ஆய்வாளர் அதிலும் பிறர் பெயரில் நுழைய வழி இருப்பதைக் காட்டினார். எச்சரிக்கை குறையைத் திருத்தாது. ஆயினும் அது நேர்மை. அந்த அளவு நேர்மையும் எல்லாரிடமும் இருப்பதில்லை.

இனி, பூட்டைப் பற்றிச் சிறிது. 1976 இல் விட்ஃபீல்ட் டிஃபி, மாட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர் ஓர் அதிசயத்தைக் கண்டறிந்து எழுதினார்கள். அதற்கு முன், இருவர் இரகசியமாய்ப் பேச வேண்டுமானால் எங்காவது சந்தித்து ஒரே திறப்பைப் பகிர்ந்திருக்க வேண்டும். சந்திக்காமலே, ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் வெளியில் நின்று சில எண்களைப் பரிமாறி, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசியத்தை இருவர் ஆக்கிக்கொள்ளலாம் என்று கணக்கின் மூலம் இவர்கள் காட்டினார்கள். இன்று உங்கள் தொலைபேசியில் நிகழும் மறைபேச்சில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததே. இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஒவ்வொருவரிடமும் ஒரு பூட்டும் அதற்கொரு திறப்பும் உள்ளன. பூட்டை ஊரெங்கும் கொடுத்துவைக்கலாம்; எனக்குக் கடிதம் எழுதுகிறவர் என் பூட்டைப் போட்டு அனுப்புவார்; திறப்பு என் மடியில்.

எவ்வளவு அழகு! ஆனால் அந்த அழகில் ஒரு துளை உண்டு. காத்தான்குடியிலுள்ள நண்பருக்குச் செய்தி அனுப்ப விரும்புகிறேன். இதுதான் அவருடைய பூட்டு என்று இடையில் நிற்கும் ஒருவர் நீட்டுகிறார். உண்மையில் அது அவருடைய சொந்தப் பூட்டு. நான் மகிழ்ச்சியோடு பூட்டி அனுப்புகிறேன். அவர் தம் திறப்பால் திறந்து படித்துவிட்டு, நண்பரின் உண்மையான பூட்டைப் போட்டு அப்பால் அனுப்புகிறார். எனக்கும் ஐயமில்லை, நண்பருக்கும் ஐயமில்லை. உலகத்திலேயே உறுதியான பூட்டைத்தான் போட்டேன். யாருடையது என்று மட்டும் தெரியாது. உடைக்க முடியாத இரகசியத்தை இருவருக்கிடையே ஆக்கித் தருவதோடு கணக்கின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த இரண்டாமவர் யார் என்று அது சொல்வதில்லை.

பெயர் சொல்லிக் கூவும் கருவி

இதுவரை பேசியது செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றி. அதைவிடக் கனமான விடயம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை.

கோபுரம் இல்லாதவிடத்தில் ஒரு கருவி பேசத் தொடங்குமுன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். அதற்காக அது ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும்: நான் இங்கிருக்கிறேன், நான் இன்னார். செய்தியைப் பூட்டலாம், இந்தக் கூவலை எப்படிப் பூட்டுவது? கூவாவிட்டால் நண்பன் காணமாட்டான். கூவினாலோ பகைவனும் காண்பான்.

அப்பிள் நிறுவனத்தின் தொலைபேசிகளில் எயார்ட்ரொப் என்றொரு வசதி உண்டு. பக்கத்திலிருப்பவருக்குப் படங்களை நேரே அனுப்புவது. 2022 இல் சீனாவில் அதிகாரத்தை எதிர்க்கும் வாசகங்களை இளைஞர் புகைவண்டிகளில் இவ்வாறு பரப்பினார்கள். அனுப்பியவர் பெயர் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. 2024 சனவரியில் பீஜிங் நகர நீதித்துறைப் பணியகம், அனுப்பியவர்களின் தொலைபேசி இலக்கங்களைக் கண்டறியும் வழி தங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. வழி எப்படிக் கிடைத்தது? கருவி தன் சொந்தக்காரரின் இலக்கத்தை நேராகச் சொல்லாமல், கணக்கால் உருமாற்றிச் சொல்லியது. ஆனால் தொலைபேசி இலக்கங்கள் முடிவற்றவை அல்ல. நம் நாட்டில் 07 இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். மிஞ்சினால் பத்துக் கோடி. அவை எல்லாவற்றையும் அதேபோல உருமாற்றி, எது பொருந்துகிறது என்று பார்ப்பது கணினிக்கு அற்ப வேலை. யேர்மனியின் டாம்ஸ்டட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2019 இலேயே இக்குறையை அப்பிளுக்கு அறிவித்திருந்தனர்; 2021 இல் வெளியுலகுக்கும் சொல்லியிருந்தனர்.

இலக்கம் தெரிந்தால் என்ன, பெயர் தெரிந்தால் என்ன என்று கேட்கிறவர் இந்த நாட்டில் வாழாதவராகத்தான் இருக்க வேண்டும். பலர் தங்கள் கருவிக்குத் தங்கள் பெயரையே இட்டிருக்கிறார்கள். நமது பெயர்கள் வாய் திறந்தவை. யோசப் என்றால் ஒன்று, முகம்மது என்றால் ஒன்று, கணபதிப்பிள்ளை என்றால் ஒன்று, பண்டா என்றால் ஒன்று. ஆளைக் காணாமலே அவருடைய இனத்தையும் சமயத்தையும் பெயர் சொல்லிவிடும்.

நீதித்தலைவர்கள் நூலின் 12 ஆம் அதிகாரத்தை வாசித்திருப்பீர்கள். யோர்தான் ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொண்ட கிலயாத்தார், கடக்க வந்தவர்களிடம் ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். எப்ராயிமியர் நாவுக்கு அது சரியாக வரவில்லை. நாற்பத்தீராயிரம் பேர் மாண்டார்கள் என்கிறது நூல். அதுவும் ஓர் ஆற்றுத் துறை என்பதைக் கவனியுங்கள். மனிதன் ஒருவனை நிறுத்தி நீ யார் என்று கேட்பதற்குத் துறையைப்போல வசதியான இடம் வேறில்லை. 1983 யூலையில் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்ததும் அதே முறைதான்.

குருக்கள்மடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. 1990 யூலை 12 ஆம் திகதி கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள், அவர்களுள் மக்கா யாத்திரை முடித்து வந்தோரும் இருந்தனர், இவ்வூர்ப் பெருந்தெருவிலே வழிமறிக்கப்பட்டு, விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014 இல் இவ்விடயம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தின் முன் வந்தது. அதே 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களுள் 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்துக் கொண்டுபோயிற்று. அவர்கள் திரும்பி வரவில்லை. அங்கே மக்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். முகம் மறைத்தவர்கள் இருந்து பார்த்தார்கள். அத்தகையோருக்கு நம்மூரில் தலையாட்டி என்று பெயர். அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தலையை அசைப்பார். போதும்.

அந்த ஆண்டில் எவர் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசி இருக்கவில்லை. இந்தத் தெருவால் வரவேண்டாம் என்ற ஒரு வரி, கல்முனையில் வண்டி ஏறியவர்களுக்கு எட்டியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அது எட்ட வழியிருக்கவில்லை. ஆனால் உடனே மற்றதையும் எண்ண வேண்டியிருக்கிறது. வழிமறித்தவர் கையிலே, வரும் வண்டியிலுள்ள ஒவ்வொரு கருவியும் தன் சொந்தக்காரரின் பெயரைக் கூவுவதைக் கேட்கும் பெட்டி ஒன்று இருந்திருந்தால்? பாதுகாப்புக்கென்று நாம் மடியில் கட்டிக்கொண்டு போகும் கருவியே நம்முடைய தலையாட்டியாகிவிடும்.

ஆகையால் அடிக்கடி மாறும் பொய்ப்பெயர்களைக் கொண்டு கூவும் முறைகளை ஆய்வாளர் வகுத்திருக்கிறார்கள். முன்னரே அறிமுகமான நண்பனுடைய கருவி மட்டும் அந்தப் பொய்ப்பெயருக்குள்ளிருக்கும் மெய்ப்பெயரை அறிந்துகொள்ளும்; அயலார் காதுக்கு அது வெறும் இரைச்சல். இது செய்யக்கூடியதே. ஆனால் இதற்கும் முன்னறிமுகம் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்து முட்டும் இடம் அதுதான்.

பெயரில்லாதவர் சொல்லும் செய்தி

அப்படியானால் எல்லாரும் பெயரை மறைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் அம்பாறை பதில் வைத்திருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அந்நகரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, சிங்களவருக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற்செய்யும் மாத்திரை என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. கல்லாவில் இருந்தவரைச் சூழ்ந்து நின்று வெருட்டி, அவர் ஆமென்று சொன்னதுபோல ஒரு படமும் பிடித்துப் பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்து, அது மாக்கட்டி என்று சொன்னார். மாக்கட்டியால் ஓர் ஊர் எரிந்தது. கண்டி மாவட்டம் எரிந்ததும் அதைத் தொடர்ந்தே.

அந்த வதந்தி பேஸ்புக் என்ற பெருந்தெருவால் போயிற்று. ஆகவே தடுக்கவும் ஒரு வாசல் இருந்தது, பிந்தியாவது மூடினார்கள். கருவிக்குக் கருவி தாவும் செய்திக்கு வாசலே கிடையாது. கொடுங்கோலன் மூட முடியாத வழியை நல்லாட்சியும் மூட முடியாது. இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், உயிருக்கு அஞ்சுகிறவன் பக்கமே நான் நிற்பேன். மூட முடியாத வழி வேண்டும். ஆனால் அந்த வழியால் வரும் ஒவ்வொரு செய்தியும், அதைப் பெறுகிறவருக்கு மட்டுமாவது, தன்னைப் பெற்ற தாயின் பெயரைச் சொல்ல வேண்டும். வழியில் நிற்பவருக்குப் பெயர் தெரியக்கூடாது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். எதிரும் புதிருமாய்த் தோன்றும் இந்த இரண்டையும் கணக்கு ஒருங்கே செய்யவல்லது. செயலி செய்வோர் பலர், முதலாவதை விளம்பரப்படுத்தி இரண்டாவதை மறந்துவிட்டார்கள் என்பதே குறை.

முற்றிலும் வேறு விதமான நேரடித் தொடர்பு ஒன்றையும் நம் நாடு கண்டிருக்கிறது. 2004 கடற்கோளின் பின் அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, இலங்கை றேடியோ சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் கார் பற்றரியில் ஓடும் சிற்றலை வானொலியைக் கொண்டு அங்கிருந்து கொழும்புக்குச் செய்தி கொடுத்தார்கள். அமெச்சூர் வானொலிக்காரருக்கு ஒரு சர்வதேச விதி உண்டு: பேச்சைச் சங்கேதத்தால் மறைக்கக் கூடாது, பேசுகிறவர் தமக்கு வழங்கப்பட்ட அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். பூட்டே இல்லை. யாரும் கேட்கலாம். ஆயினும் அந்த நாட்களில் அதைவிடப் பயனுள்ள தொடர்பு வேறில்லை. வெள்ளத்தில் தவிப்பவனுக்கு இரகசியம் வேண்டாம். எவர் காதிலேனும் தன் குரல் விழுந்தால் போதும். வேட்டையாடப்படுகிறவனுக்கோ மூச்சுச் சத்தமும் ஆபத்து. இருவருக்கும் ஒரே கருவியைக் கொடுத்து, இது பாதுகாப்பானது என்று சொல்வது எப்படி? எதிலிருந்து பாதுகாப்பு என்று சொல்லாத பாதுகாப்பு வெறும் விளம்பரமே.

செய்தியைச் சுமந்து செல்கிறவரின் கடமையையும் எண்ணிப் பாருங்கள். இத்தகைய வலையில் உங்கள் கருவி, நீங்கள் அறியாமலே, யாரோ ஒருவரின் பூட்டிய செய்தியை யாரோ ஒருவருக்குச் சுமக்கும். உங்கள் பற்றரி தேயும். வெள்ள காலத்தில் பற்றரி என்பது அரிசிக்கு அடுத்தது. சுமக்காமல் விட்டால் எவரும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பூட்டும் ஒரு செய்தி வழியிலே வீசப்படுவதைத் தடுக்காது. அது மட்டுமன்று. சாவடியில் கருவி பிடிபட்டால், உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது என்பதே உங்கள் உண்மையான பதிலாயிருக்கும். அந்தப் பதிலை இந்நாட்டில் எத்தனை சாவடிகள் ஏற்றுக்கொண்டன என்பதை வாசகர் அறிவர். 2019 ஏப்ரலுக்குப் பின், தொலைபேசியில் கிடந்த படங்களுக்காகவும் பதிவுகளுக்காகவும் மறியலுக்குப் போனவர்கள் உண்டு. எனவே, சம்மதம் கேட்காமல் ஒருவரின் கருவியைத் தபாற்காரனாக்குவது சரியென்று எனக்குப் படவில்லை. கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். கடிதம் கொண்டுபோன அந்தக் கால மக்கள் தெரிந்தேதான் கொண்டுபோனார்கள்.

3ஜிபிபி வகுத்த விதி இந்தச் சிக்கலை நேர்மையோடு அணுகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பொதுமக்களின் கருவிகளுக்கு, பக்கத்திலிருப்பவரைக் கண்டறிவதை மட்டும், அதுவும் வலையமைப்பின் கண்காணிப்பில், அது 2015 இல் அனுமதித்தது. கோபுரமே இல்லாத வேளையில் நேரே பேசும் உரிமையைப் பொலிஸ், தீயணைப்பு, மீட்புப் படை போன்றோருக்கு ஒதுக்கிற்று. அவர்களும் அந்நேரத்தில் திறப்பைத் தேடி அலைவதில்லை. கோபுரம் நிற்கும் காலத்திலேயே குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே திறப்பு கொடுக்கப்பட்டுவிடும். கோபுரம் விழுந்த பின் அதை வைத்துப் பேசிக்கொள்வர். விதைநெல்லை மாரிக்கு முன்னரே எடுத்துவைப்பது போன்றது. மழை வந்த பின் தேடினால் கிடையாது.

நாமும் அவ்வாறு எடுத்துவைக்கலாம். சிக்னல், வட்ஸ்அப் போன்ற செயலிகளில் இருவர் நேரே சந்தித்து, ஒருவர் திரையிலுள்ள கட்டத்தை மற்றவர் கருவிக்குக் காட்டி, அல்லது அறுபது இலக்கங்களை ஒப்பிட்டு, இது உன்னுடைய பூட்டுத்தான் என்று உறுதி செய்யும் வழி உண்டு. மிகச் சிலரே அதைச் செய்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் சந்திக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். தன் ஊரவனோடு மட்டும் அதைச் செய்து வைத்திருப்பவனுக்கு ஆபத்து வேளையில் தன் ஊரவன் குரல் மட்டுமே நம்பத்தக்கதாய்க் கேட்கும். குருக்கள்மடத்தில் எத்தனை கருவிகளில் காத்தான்குடியின் பூட்டு இருக்கிறது? காத்தான்குடியில் எத்தனை கருவிகளில் குருக்கள்மடத்தின் பூட்டு இருக்கிறது? பக்கத்து ஊர்கள்தாம். ஒரே பெருந்தெரு, ஒரே வாவி.

மீட்புக் குழுவின் திறப்பைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். 2004 இல் எழுவான்கரையில் நீருக்குள்ளிருந்து மக்களை முதலில் இழுத்தெடுத்தவர்கள் எந்தப் படையிலும் பெயர் பதியாதவர்கள். அயலவர்களும், தோணி வைத்திருந்தவர்களும். அத்தகைய குழுத்திறப்பு நம் மாவட்டத்துக்கு வருமானால், அதைப் பெறுவோரின் பட்டியலை யாரோ ஒருவர் ஒரு கந்தோரில் இருந்து எழுதுவார். அதில் மீனவர் சங்கம் இருக்குமா, கோவில் சபையும் பள்ளிவாசலும் பங்கும் இருக்குமா, பாதை ஓட்டுகிறவர் இருப்பாரா என்பது பொறியியலாளர் தீர்மானிக்கும் விடயமன்று. அந்தப் பட்டியல் எழுதப்படும் நாளில் நாம் அங்கு போய்க் கேட்க வேண்டும்.